பரீட்சை இல்லையாம், நம்பச் சொல்கிறார்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, பெயிண்ட் கிடங்கிலிருந்து உங்கள் மச்சான் எழுதுவது. நான் நலம், அதையும் யாராவது சரிபார்ப்பார்கள் என்பதால் ஓரளவு நலம் என்றே வைத்துக்கொள்ளவும். தங்கையும் பிள்ளைகளும் சுகம்தானே?

தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து எங்களுக்கு ஆன்லைன் பாடம் தயாரிப்பது நீங்கள்தான், ஆகவே மறைக்காமல் சொல்லுங்கள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பரீட்சை வைப்பீர்கள் அல்லவா, எங்கள் ஆட்கள் வீடியோவை ஓடவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து, நாலு பதிலில் எது நீளமோ அதைத் தட்டி நூற்றுக்கு நூறு வாங்கினார்கள். நானோ, இவ்வளவு சுலபமாகவா விடுவார்கள், நீளமான பதில் நிச்சயம் பொறி என்று குட்டையானதாகப் பார்த்துத் தட்டி இரண்டு முறை ஃபெயில். இன்னொரு தடவை ஃபெயிலானால் வேலை போய்விடும் என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பும் சரியில்லை.

போன வாரம் தீப் பாதுகாப்புப் பாடம். "இதுக்குப் பரீட்சை கிடையாது, சும்மா பாருங்க, போதும்" என்றார் மேனேஜர். மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். பரீட்சை இல்லாமல் பாடமா? யாரிடம் காது குத்துகிறார்கள்? எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று திரும்பத் திரும்பப் பார்த்து, வீடியோவில் பேசுபவர் இருமுவது உட்பட மனப்பாடம் செய்தேன். நினைத்தது போலவே நேற்று சார்ஜ் போடும் மூலையில் ஒயர் பற்றிக்கொண்டது. "ஐயோ, எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று மேனேஜர் அலறினார், நடிப்பு பிரமாதம். நூற்றுக்கு நூறு கும்பல் வாசலில் முட்டி மோதிக்கொண்டு ஓடியது. ஒருத்தன் மட்டும் வாளித் தண்ணீரோடு வந்தான். "ஊத்தாதே, அது தப்பான பதில்!" என்று தடுத்தேன். மெயினை அணைத்து, தீயணைக்கும் சிலிண்டரின் பின்னைப் பிடுங்கி, தீயின் அடியைப் பார்த்து அடித்தேன்; அடங்கியது. மேனேஜர் கட்டிப்பிடித்து அழுதார். "அதெல்லாம் இருக்கட்டும் சார், எத்தனை மார்க்கு?" என்றேன். "அண்ணே, கொஞ்சம் தண்ணி குடிங்க" என்று பேச்சை மாற்றுகிறார். குறைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. குடும்பத்துக்குள் மறைக்கலாமா மாப்பிள்ளை? என் மார்க்கை உடனே தெரிவிக்கவும்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள், உங்கள் மேலதிகாரிக்குச் சந்தேகத்துடன் கூடிய வணக்கம். பதில் போடவும், ரொம்ப நீளமாக இருந்தால் நம்ப மாட்டேன்.

இப்படிக்கு,
மச்சான்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தீயணைப்புக்காரர்கள் வந்து, கருகிய சுவரையும் பக்கத்திலிருந்த, பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் தின்னர் டின்களையும் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கிடங்கே இருக்காது" என்றார்கள். நிஜத் தீயாம் மாப்பிள்ளை! அப்போது உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் வாசலில் முதல் ஆள் நான்தான். மார்க்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இனி எந்தப் பாடத்துக்கும் பரீட்சை வைக்காதீர்கள். ஆனால் இல்லை என்று மட்டும் யாரிடமும் சொல்லித் தொலைக்காதீர்கள்.