விசிறிக்கு அடியில் ஒரு தலை

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். பாத்திரம் பண்டமெல்லாம் அப்புறம் தேய்த்துக்கொள்ளலாம். நாலு இழை தலைமயிரால் ஒரு மனுஷன் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சிரியுங்கள், தப்பில்லை. நடுவில் ஒருதரம் 'பாவம்' என்றும் சொல்லிவிடுங்கள்.

கல்கத்தாவில் டிராம் வண்டிக்குக் குதிரை போய் மின்சாரம் வந்த காலம். கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸ். அங்கே பழைய குமாஸ்தாவான அனந்தகிருஷ்ணன், இடது கையால் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் எழுதிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே, புதிதாக மாட்டிய மின்சார விசிறி ஒன்று பேய் பிடித்த மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

“மாமா, ஹால் முழுக்க ஒரே ஒரு விசிறி. அதுவும் உங்க தலைக்கு மேலே! என்ன யோகம்!” என்றான் பக்கத்து மேஜை வெங்கடராமன்.

“யோகமில்லைடா அப்பா, கிரகம்.”

விஷயம் இதுதான். அனந்தகிருஷ்ணனுக்கு உச்சி முழுக்க வழுக்கை. இடது காதோரம் நீளமாக வளர்த்த கொஞ்சம் மயிரை வலது காது வரை இழுத்துப் படியவிட்டு, காலந்தள்ளி வந்தார். வாலிபத்தில் கல்கத்தா வந்த புதிதில் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டவர். அந்தக் குடுமி இருந்திருந்தால் முன்மண்டை வழுக்கையா சிரைத்ததா என்று யார் கேட்கப் போகிறார்கள்? குடுமியின் சாபம் பலித்துவிட்டது.

வழுக்கை ஒரு குற்றமா என்றால், அந்த வருஷம் குற்றம்தான். புதிதாக வந்த துரை, வயசானவர்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மேஜைமேல் தூங்கிய இரண்டு கிழ பாபுக்கள் போயே விட்டார்கள். துர்க்கா பூஜை லீவுக்கு முன்னால் இன்னும் சிலர் போவார்கள் என்று பேச்சு. அனந்தகிருஷ்ணனின் பெண் விஜயலக்ஷ்மிக்குத் தை மாசம் கல்யாணம். சம்பந்தி வீட்டார் சம்மதித்ததே, 'கல்கத்தா கம்பெனியில் உத்தியோகம்' என்பதற்காக.

அதிலும் துரை வந்த முதல் நாளே வினை. அன்று, அந்த ஊரில் கோடையில் திடீரென்று அடிக்கும் வைசாகப் புயல் ஜன்னலைப் பிளந்துகொண்டு வந்து, இவர் மயிரைக் கொடி மாதிரி தூக்கி நிறுத்திவிட்டது. ஏதோ கப்பலைப் பற்றி யாரோ கேட்க, இவர் தலையை மறந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால், இவர் வழுக்கையையே பார்த்துக்கொண்டு வாசலில் துரை! அடுத்த வாரமே இந்த விசிறி வந்தது.

“என் வயசை நாலு பேருக்குக் காட்டத்தான் இதை மாட்டியிருக்கார்” என்று அனந்தகிருஷ்ணன் தீர்மானித்துவிட்டார்.

முன்னே கயிற்றுப் பங்கா இழுத்தவனும் இப்போது விசிறியின் பொத்தானுக்குக் காவலாக நிற்பவனும் ஒருவனேதான். பீஹார்க்காரன், ராம்தனி என்று பெயர். அவனிடம் போனார்.

“கொஞ்சம் நிறுத்தேன் ராம்தனி.”

“முடியாது பாபு. விசிறி நிக்கக் கூடாது, உங்க மேஜையும் நகரக் கூடாது. துரை உத்தரவு.”

பார்த்தீர்களா, சந்தேகம் ஊர்ஜிதம்.

வீட்டில் ஜகதாம்பாள் யோசனை சொன்னாள். “பேசாம தலைப்பாகை கட்டிண்டு போங்கோளேன்.”

“இத்தனை வருஷம் வெறுந்தலையோட போனவன் திடீர்னு தலைப்பாகை கட்டினா, உள்ளே என்ன இருக்குன்னு கேக்க மாட்டாளா?”

“என்ன இல்லைன்னு கேப்பா” என்றாள் அவள். “அப்போ தேங்காயெண்ணெயை வழியத் தடவுங்கோ. கனத்துக்குப் படியும்.”

படிந்தது, சொட்டவும் சொட்டியது. சரக்குச் சீட்டில் எண்ணெய் விழுந்து மை கரைந்து, ரங்கூன் போக வேண்டிய சாக்குமூட்டைகள் எந்த ஊர் என்று தெரியாமல் துறையிலேயே கிடந்தன. அதைச் சரிபண்ணவே அனந்தகிருஷ்ணனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

“எண்ணெய்க்கு ஏது மாமா பிடி? இந்த ஊர் வாசனைத் தைலம் வாங்குங்கோ” என்றான் வெங்கடராமன்.

காளிகாட் கடைத்தெருவில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் முழங்கால் வரை கூந்தல் தொங்கவிட்ட ஒரு பெண்ணின் படம். வங்காளிக் கடைக்காரர் ஒவ்வொன்றாகத் திறந்து மூக்கில் காட்டினார்.

“மணம் இருக்கட்டும் தாதா, பிடி உண்டா?”

“மனசையே பிடிக்கும் மொஷாய்!”

மனசைப் பிடித்ததோ என்னவோ, மயிரைப் பிடிக்கவில்லை. விசிறி அந்த மணத்தை ஆபீஸ் முழுக்கப் பரப்பியது. தேனீ ஒன்று சாயங்காலம் வரை அவரையே சுற்றியது. வீட்டுக்கு வந்தால், ஜகதாம்பாள் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

“ஆபீஸ்லேருந்துதானே வரேள்?”

“வேறே எங்கேருந்துடி வருவேன்? நடக்கவே தெம்பில்லை.”

“தெம்பில்லாதவாளுக்கு மல்லிப்பூ வாசனை என்னத்துக்கு?”

அடுத்தது சௌரங்கியில் ஒரு வெள்ளைக்காரக் கடை. தகர டப்பியில், துரைமார் தலைக்குத் தடவும் பொமேடு. விலையைக் கேட்டதும் அவருக்குத் தலை சுற்றியது. ஆனாலும் வாங்கினார். அதில் பிடி இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். விசிறி என்ன சுற்றினாலும் ஒரு இழை அசையவில்லை. அப்பாடா என்று வீட்டுக்கு வந்து, சந்தோஷமாக டப்பியை ஜகதாம்பாளிடம் காட்டினார்.

அவள் முகர்ந்தாள். விரலால் தொடாமல், விறகுக் குச்சியால் தள்ளினாள்.

“இது எதிலே பண்றா?”

“ஏதோ... கொழுப்புன்னு சொன்னான்.”

“எதோட கொழுப்பு?”

அவர் டப்பியின் மூடியைத் தேட ஆரம்பித்தார். அவ்வளவுதான். குழாயடியில் தலையோடு ஸ்நானம் பண்ணி, துணியை நனைத்துப் பிழிந்த பிறகுதான் உள்ளே விட்டாள். டப்பியை இடுக்கியால் எடுத்துச் சந்தில் வைத்தாள். அதைச் சந்துப் பூனை நக்கித் தீர்த்தது. அன்று முதல் அந்தப் பூனை இவரைக் கண்டால் காலைச் சுற்றிக்கொண்டு வரும். அவ்வளவு விலைக்கு மிஞ்சியது அந்த உறவு ஒன்றுதான்.

மறுநாள் அசதியோடு மேஜையில் சாய்ந்தபோது கண்ணில் பட்டது, உறை ஒட்டுகிற கோந்துக் கிண்ணம். விலை? ஒன்றுமில்லை. பிடி? உடும்பு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு விரல் எடுத்துத் தடவினார்.

ஆகா! விசிறிக் காற்றிலே காய்ந்து, தலைமேல் பளபளவென்று பலகை மாதிரி நின்றது. முதல்முறையாக இரண்டு கைகளாலும் வேலை பார்த்தார். ராத்திரி ஜகதாம்பாள் அதைக் கழற்றப் பார்த்தாள். மயிர் மொத்தமும் ஒரே தகடாக, இடது காதைக் கீலாகக் கொண்டு, டிரங்குப் பெட்டி மூடி மாதிரி எழுந்தது. திறந்து பார்த்தாள், மூடினாள்.

“உள்ளே ஒண்ணையும் காணோமே” என்றாள்.

சிரிக்கக்கூட அவருக்குச் சக்தியில்லை. மேலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு, தலையை நனைக்காமல் அப்படியே ஆபீஸ் போய்வந்தார். தேய்ந்த இடத்தில் தினமும் ஒரு விரல் கோந்து.

நம் ஆவணிக்குச் சரியான பாத்ர மாசம் பிறந்தது. கல்கத்தாவின் பாத்ர மாசப் புழுக்கத்தில் கல்லே வியர்க்கும், கோந்து எந்த மூலை? ஒரு மத்தியானம் அது இளகி, தலை முழுக்கப் பிசுபிசுத்தது. அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து துரை இறங்கி வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். விசிறிக் காற்றில் மேஜைமேலிருந்த ரசீது ஒன்று பறந்து, வட்டமடித்து, நேராக வந்து அனந்தகிருஷ்ணனின் தலையில் ஒட்டிக்கொண்டது.

துரை கிட்டே வந்தார். இரண்டு விரலால் ரசீதைப் பிடித்து இழுத்தார். அது சர்ரென்று உரிந்து வந்தது. விரலை முகர்ந்து பார்த்தார். அனந்தகிருஷ்ணனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ராம்தனி பக்கம் திரும்பி, அரைகுறை ஹிந்துஸ்தானியில், “இந்த ஆளை அனுப்பிவிடு” என்று சொல்லிவிட்டு மாடியேறினார். ராம்தனி ஏதோ சொல்லிக்கொண்டே அவர் பின்னால் ஓடினான்.

வெங்கடராமன் தலையைக் குனிந்துகொண்டான்.

அனந்தகிருஷ்ணன் மெள்ளக் குடையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். சம்பந்திக்கு என்ன எழுதுவது, விஜியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்துக்கொண்டே குழாயடிக்குப் போனார். இனி யாருக்காக இந்த வேஷம்? குழாயைத் திறந்து தலையைக் கீழே கொடுத்தார். கோந்து கரைந்து ஓடியது. இழைகள் காதோரம் நனைந்து தொங்கின. வழுக்கை, வெயிலில் பித்தளைச் செம்பு மாதிரி மின்னியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அதன்மேல் காற்றுப் பட்டது. சுகமாகத்தான் இருந்தது.

மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்த ராம்தனி, அவர் தலையைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான்.

“அப்பாடா, தலையைக் காட்டினீங்களே பாபு! வாங்க சீக்கிரம். ‘எதைக் கேட்டாலும் பதில் சொல்ற என் வழுக்கை பாபு லீவு முடிஞ்சு எப்போ வருவார்? அந்தத் தலை சூடாகக் கூடாதுன்னு நான் மாட்டின விசிறிக்கு அடியிலே இந்தக் கோந்துத் தலையனை யார் உட்கார வெச்சது’ன்னு மேலே துரை குதிச்சிட்டிருக்கார்!”

அவ்வளவுதான் கண்ணுகளா. தை மாசம் விஜயலக்ஷ்மியின் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. உங்கள் வீட்டிலும் அப்படியே மேளச் சத்தம் கேட்கட்டும். உழைத்து ஓய்ந்து வருகிறவர்கள் தலைமேல் குளிர்ந்த காற்று வீசட்டும். அந்தத் தலை எப்படி இருந்தாலும் அதை வாசலில் கண்டதும் முகம் மலர நாலு பேர் உள்ளே இருக்கட்டும்.