எண்பத்தைந்து வயதுப் பெண்கள் வரிசையில் ஓர் இடம்

சோல்மே கிராமம்,
மிளகாய் பறிப்பு மும்முரம்.

பூசானில் பேரன் பேத்திகள் சூழச் சௌக்கியமாக வாழும் என் மல்சுன் அக்காவுக்கு, தம்பி கில்மான் தரைவரை குனிந்து வணங்கி எழுதுவது. உன் முட்டிவலி குறைந்திருக்கும், அத்தானின் இருமல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மிளகாய் நன்றாகக் காய்த்திருக்கிறது, மாடு கன்று போட்டிருக்கிறது, என் வீட்டுக்காரி ஓக்புன்னும் நலம். நல்ல செய்தி இத்தோடு முடிந்தது, இனி என் கதை.

அக்கா, எனக்குக் காது கேட்பதில்லை. காலமெல்லாம் டிராக்டர் மேல் உட்கார்ந்ததில், காதோரம் வந்து கத்தினால் மட்டும் கேட்கும் என்ற நிலைக்கு வந்து சில வருஷம் ஆகிறது. இதை ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் மறைத்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. யார் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவதுதான் என் வித்தை. கூட்டத்தில் ஏதோ கேட்டார்கள், ஆட்டினேன், கைதட்டினார்கள், மறுநாள் என் வீட்டு முன்னறையில், ஊர்க் கம்பத்து ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்யும் மைக் செட்டைக் கொண்டுவந்து மாட்டினார்கள், அப்போதுதான் நான் ஊர்த்தலைவர் ஆகியிருப்பது எனக்கே தெரிந்தது. அப்படி ஆட்டித்தான் பக்கத்து ஊர்க்காரனின் கிழட்டு மாட்டை வாங்கினேன். ஒரு சாவு வீட்டில் அப்படிச் சிரித்து ஆட்டியதற்கு அந்தக் குடும்பம் இன்றுவரை என்னிடம் முகம் கொடுப்பதில்லை.

போன வருஷம் ஓக்புன் பிளாஸ்டிக் கூரை போட்ட மிளகாய்க் குடிலில் வழுக்கி விழுந்துவிட்டாள். எழுந்திருக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் அதே வரிசையில், முதுகைக் காட்டிக்கொண்டு, விசிலடித்தபடி காய் பறித்துக்கொண்டிருந்தேன். கூடை நிரம்பித் திரும்பியபோதுதான் பார்த்தேன். அன்றைக்கு அவள் என் காதைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்: "என்னங்க, கத்திக் கத்தித் தொண்டையே வத்திப்போச்சு. ஆபீஸ்ல பதிஞ்சு, உதவித்தொகை வாங்கி, காதுக்கு மெஷின் போட்டுக்கிட்டா இங்க இருக்கேன். இல்லேன்னா தேஜோனுக்கு மக வீட்டுக்குப் போயிடறேன். அவளாவது கூப்பிட்டா திரும்பிப் பாப்பா." அவள் இல்லாத வீட்டில் நான் யாரைப் பார்த்துத் தலையாட்டுவேன்?

ஆனாலும் பதியப் போகவில்லை. ஏன் தெரியுமா, நம் வட்டார ஆபீஸ் வருஷா வருஷம் வீட்டுக்கு வீடு ஓர் அறிக்கைத் தாள் போடும். அதில் மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குவோர் எத்தனை பேர் என்று வயதுவாரியாக, ஆண் பெண் பிரித்து, கட்டம் போட்டிருக்கும். எண்பத்தைந்துக்கு மேல் பெண்கள் நாற்பத்தொன்று. அறுபதிலிருந்து அறுபத்துநான்கு வரை ஆண்கள் பூஜ்யம். நான் போய்ப் பதிந்தால் அந்தப் பூஜ்யம் ஒன்றாகும். ஒருவனை அண்ணன் என்பதா தம்பி என்பதா என்று தெரிய அவன் பிறந்த வருஷம் தெரிந்தாக வேண்டிய ஊர் இது. அந்த ஒன்று யார் என்று கண்டுபிடிக்க ஒரு வாய் மக்கொல்லிக் கள் குடிக்கும் நேரம் போதும்.

நான் நகரமாட்டேன் என்று தெரிந்து, ஓக்புன் ஆபீஸிலிருந்து ஹேவொன் என்ற பெண்ணையே வீட்டுக்கு வரவழைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டாள். நான் அப்போதுதான் காலை அறிவிப்பை முடித்திருந்தேன். மைக்கை அணைத்தேன் என்றுதான் நினைத்தேன். ஹேவொனை அதன் பக்கத்திலேயே உட்காரவைத்து என் யோசனையைச் சொன்னேன்.

"பாப்பா, அந்த ஆம்பளைங்க கட்டத்துல என்னைப் போடாதே. கீழ பாரு, எண்பத்தஞ்சுக்கு மேல பொம்பளைங்க. அங்க நல்ல கூட்டம். ஓரமா என்னை நிறுத்திடு. நாப்பத்தொண்ணு நாப்பத்திரண்டு ஆனா எவன் கண்டுபிடிப்பான்?"

அவள் என் காதருகே வந்து கத்தினாள். "தலைவரே, நீங்க ஆம்பளை. வயசு அறுபத்திமூணு."

"அது எனக்குத் தெரியும்மா. கட்டத்துக்குத் தெரிய வேண்டாம்னுதான் கேக்கறேன்."

அப்புறம் அவள் முகம் வெளுத்து, மைக்கையும் ஜன்னலுக்கு வெளியே கம்பத்தையும் மாறி மாறிக் காட்டினாள். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்கிறாள் போல என்று நான் வழக்கம்போல் ஆட்டினேன். "கேளு, தாராளமா கேளு. காது கேக்காத கிழவின்னு எழுதிக்கோ, கையெழுத்துப் போடறேன்." அவள் தவித்துப்போய் மைக் செட்டில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்த, காலையில் போடும் குத்துப்பாட்டு ஆரம்பித்துவிட்டதாம். ஆக உன் தம்பி கிழவியாக மாற மன்றாடியதை, பின்னணி இசையோடு, மூன்று மலைச்சரிவு கேட்டிருக்கிறது. ஓக்புன் வயலிலிருந்து ஓடிவந்து வயரைப் பிடுங்கியபோது நான் நாற்பத்திரண்டாவது ஆளாக எந்தப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்பதுவரை வந்திருந்தேனாம்.

சாயங்காலம் எண்பத்தேழு வயதுப் பாட்டி ஒருத்தி வாசலில் வந்து நின்று, தன் சுருட்டை முடியைத் தொட்டுக் காட்டி, என் காதில் கத்தினாள். "தம்பி, எங்க கட்டத்துக்கு வரணும்னா முடி சுருட்டிக்கிட்டுத்தான் வரணும். வழுக்கையெல்லாம் சேத்துக்க மாட்டோம். உனக்குக் காது கேக்காதுன்னு தெரியாமலா தலைவராக்கினோம்? முன்னால இருந்தவன் வீட்டுக்கு வீடு ஒட்டுக் கேட்டான். அதான் உன்னைப் போட்டோம்." அக்கா, என் ஒரே தகுதி அதுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அடுத்து என்னோடு ஒரே வருஷத்தில் பிறந்த தால்சுவும் கப்சோக்கும் வந்தார்கள். தால்சு எப்போதும் கையுறை போட்டிருப்பானே, அதைக் கழற்றினான். கதிரடிக்கும் மெஷின் அந்தக் கையில் கட்டைவிரலை மட்டுந்தான் விட்டுவைத்திருந்தது. கப்சோக்குக்கு இரண்டு கண்ணும் பாதிக்குமேல் போய்விட்டதாம். "அந்த ஒண்ணா ஆயிடுவோமோன்னு நாங்களும்தாண்டா பயந்தோம்" என்றான் தால்சு. மறுநாள் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கேட்காதவன் பார்க்க முடியாதவனுக்கு வழி காட்ட, பார்க்க முடியாதவன் கேட்காதவனுக்கு டாக்டர் சொன்னதைக் கத்த, நல்ல கையுள்ள நாங்கள் இருவரும் இப்படித் தடுமாற, ஒற்றைக் கட்டைவிரல் தால்சு எல்லோருக்கும் பணம் எடுத்துக் கொடுத்தான். இந்த வருஷத் தாளில் அந்தக் கட்டத்தில் மூன்று என்று போட்டிருக்கிறது. மூன்றில் நான் எது என்று இனி எவனும் கண்டுபிடிக்க முடியாது.

முந்தாநாள் காதில் மெஷினை மாட்டிக்கொண்டதும், அடுக்களையிலிருந்து ஓக்புன் கூப்பிட்டாள். "என்ன?" என்றேன். அவள் வெளியே வந்து, கரண்டியோடு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஒண்ணுமில்ல, சும்மா கூப்பிட்டுப் பாத்தேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்கும்தான்.

இதையெல்லாம் பூசானில் யாரிடமும் சொல்லாதே, அத்தானிடம்கூட. நம் தோ வம்சத்தில் காது போன முதல் ஆள் நான் என்ற பெயர் என்னோடு போகட்டும். மிளகாய்ப் பொடி இரண்டு மூட்டை அனுப்பியிருக்கிறேன், கிம்ச்சி ஊறுகாய்க்குக் கஞ்சத்தனம் பார்க்காமல் போடு. நீயும் அத்தானும் நூறு வருஷம் தடுமாறாமல் நடக்க வேண்டும்.

உன் பாசமுள்ள தம்பி,
தோ கில்மான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் ஓக்புன் இதை வாங்கிப் படித்தாள். கடைசிப் பத்தியில் சிரிக்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. நீ நாலு வருஷமாக அதே தொகையை, அதே காதுக்காகத்தான் வாங்குகிறாயாமே. பூசானில் உன் கட்டத்தில் ஆயிரக்கணக்கான பேர் என்பதால் யாருக்கும் தெரியவில்லையாம். என்னிடம் சொல்லக் கூடாது என்று இவளிடம் சத்தியம் வேறு வாங்கினாயாம். அப்படியென்றால் அக்கா, ஒவ்வொரு ஞாயிறும் போனில் ஒரு மணி நேரம் உன்னோடு பேசிவிட்டு, "மனசுல இருக்கறதெல்லாம் அக்காகிட்டச் சொன்னா பாரமே குறைஞ்சிடுது" என்று இவளிடம் சொல்வேனே, நாம் என்னதான் பேசிக்கொண்டிருந்தோம்? இந்த ஞாயிறு மெஷினோடு உட்கார்ந்திருப்பேன். நாலு வருஷக் கதையையும் முதலிலிருந்து சொல்.