வசந்தாவை எடுத்தாச்சா?

சிலர் பெயரில் தெரு இருக்கிறது. சிலர் பெயரில் பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எல்லாம் இருக்கின்றன. என் பெயரில் இருப்பது ஒரு முழ நீள வாழைத்தண்டு. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அடி அண்ணாமலைப் பக்கம் போய் என் வயதுப் பெண்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. திருவண்ணாமலையில் எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு மாதர் மன்றம் வைத்திருந்தோம். மன்றத்தின் சொத்து ஒரு பெஞ்சும் ஒரு பூட்டும் (பூட்டுக்குச் சாவி கிடையாது). தலைவி நான்தான். தேர்தல் நடந்ததா என்று கேட்காதீர்கள், பெஞ்சு எங்கள் வீட்டுடையது.

வேலூரில் புகையில்லா அடுப்பு கட்டப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று தெரிந்து, நானும் என் தோழி நூர்ஜகானும் ஒரு வாரம் போய்வந்தோம். விஷயம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. களிமண்ணில் மேடை மாதிரி ஓர் அடுப்பு. புகை போவதற்கு அதன் வயிற்றுக்குள் ஒரு சுரங்கம். சுரங்கத்தின் முடிவில் கூரைக்கு மேலே போகிற குழாய். மண்ணுக்குள் சுரங்கம் எப்படி வரும்? ஒரு வாழைத்தண்டைப் படுக்கவைத்து அதன் மேல் மண்ணை அப்ப வேண்டும். மறுநாள் மண் இறுகியதும் தண்டை உருவிவிட வேண்டும். அவ்வளவுதான். இந்தக் கடைசி வரியைப் பயிற்சியில் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பெண் விடுதலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன் என்பது நூர்ஜகானின் குற்றச்சாட்டு. பாதிதான் உண்மை. பேசிக்கொண்டேதான் கேட்டேன்.

முதல் அடுப்புக்கு நாங்கள் பிடித்த வீடு, கிரிவலப் பாதையை ஒட்டிய அடி அண்ணாமலையில் பச்சையம்மாக்காவின் வீடு. அக்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. கண்கள் மட்டும் எப்போதும் சிவந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும். ஈர முள்ளையும் மல்லாட்டைத் தோலையும் (வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) எரித்து எரித்து வந்த கண். புகையில் உட்கார்ந்தால் பார்வைக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நான் உக்காரலன்னா யாரு சார் சோறாக்குவாங்க?" என்று அக்கா அவரிடம் கேட்டாளாம். அதற்குப் பதில் என்னிடம் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் கணவர் முனுசாமி அண்ணனைச் சம்மதிக்க வைக்க மூன்று முறை நடந்தோம். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரே ஒரு தபாதான் பழைய அடுப்ப இடிப்பேன். இது சரியா வரலன்னா மூணு கல்ல வச்சிக்கினு அவ பழையபடியே ஆக்கட்டும். அப்புறம் டவுன்லருந்து எந்தப் பொண்ணும் அடுப்பு கிடுப்புன்னு இந்த ஊருக்குள்ள வரக்கூடாது."

"சரிங்கண்ணா" என்றேன். அக்கா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

அடுப்பு கட்டிய நாளில் நூர்ஜகான் மண் மிதித்தாள், அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள், நான் பேசினேன். அடுப்பறையிலிருந்து நாடாளுமன்றம் வரைக்கும் பேசினேன். முனுசாமி அண்ணன் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார்.

"இன்னா பொண்ணே, வாய் ஜாஸ்தியா கீது, வேல கம்மியா கீது" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார்.

"தண்ட எப்படி எடுக்கணும், எப்ப எடுக்கணும்?" என்று நூர்ஜகான் என்னைச் சோதித்தாள்.

"நாளைக்கு. அத நான் பாத்துக்கறேன். நீ மண்ண மிதி."

மறுநாள் நான் தனியாகப் போனேன். தண்டின் நுனி குழாய்ப் பக்கம் மொட்டை மொட்டையாகத் தெரிந்தது. பார்க்க லட்சணமாக இல்லை. அதன் மேல் மண்ணைப் பூசி, சாணம் மெழுகி, கன்னத்தைத் தடவுவது மாதிரி வழவழவென்று ஆக்கினேன். அவ்வளவு நேர்த்தியாக நான் வாழ்நாளில் வேறு எந்த வேலையும் செய்ததில்லை. பிறகு அடுப்பு காய்கிற பத்து நாளும் வீட்டில் உட்கார்ந்து திறப்பு விழா உரையை எழுதினேன்.

நல்ல நாள் என்று பௌர்ணமியாகப் பார்த்து வைத்தோம். பிளாக் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி அம்மா, வெள்ளைப் புடவையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஜீப்பில் வந்து இறங்கினார். அவருக்குப் பிடித்துவிட்டால் ஊர் முழுக்க அடுப்புக் குழாய் கிடைக்கும். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அந்தச் சின்னக் கூரை வீட்டுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். அடுப்புக்குக் குங்குமம் வைத்து, கோலம் போட்டு, புதுச் சட்டியில் பால் வைத்திருந்தாள் அக்கா. நான் நான்கு முழுத்தாள்களைப் பிரித்தேன்.

"இன்றோடு இந்த இல்லத்தில் புகைக்கு இடமில்லை!" என்று நான் முழங்கவும், அக்கா தீக்குச்சியைக் கிழிக்கவும் சரியாக இருந்தது.

முதலில் அடுப்பு ஒன்றும் செய்யவில்லை. யோசித்தது. பிறகு வாய் வழியாக, சட்டிக்கு அடியிலிருந்து, நான் பூசிய மண்ணின் விரிசல் வழியாக, குழாயைத் தவிர மற்ற எல்லா வழியிலும் புகை கொப்பளித்தது. கூடவே பச்சைத்தண்டு வேகிற ஒரு வாடை, பொரியலும் இல்லாத கஷாயமும் இல்லாத ஒரு வாடை. எனக்கு என் தாளே தெரியவில்லை. ஆனாலும் மனப்பாடம் ஆகியிருந்ததால் இன்னும் இரண்டு வாக்கியம் பேசினேன் (அதுதான் இன்றுவரை மன்னிக்கப்படாதது). அதிகாரி அம்மா இருமிக்கொண்டே என்னை வாசல் என்று நினைத்து என் மேல் மோதினார்.

கூரையின் ஓலை இடுக்குகளிலெல்லாம் புகை கசிந்து வெளியே எழும்பியது. கிரிவலம் வந்துகொண்டிருந்த ஒரு கூட்டம் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ விசேஷம் என்று "அண்ணாமலைக்கு அரோகரா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. பின்னால் வந்த கூட்டத்துக்கு விவரம் அதிகம். வீடு பற்றி எரிகிறது என்று குடம் குடமாகக் கூரை மேல் தண்ணீரை ஊற்றினார்கள். அது கூரை வழியாக என் தலையில், என் நான்கு தாள்களில், அடுப்பில், பாலில் இறங்கியது.

நான் ஓடினேன். நூர்ஜகான் நின்றாள், நான் ஓடினேன். கிரிவலப் பாதையில் ஊரே ஒரு திசையில் வர, முகத்தில் கரியும் தலையில் ஈர ஓலையுமாக எதிர்த்திசையில் டவுன் வரை ஓடிவந்தவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அம்மா சத்தமில்லாமல் ஜாதகத்தை எடுத்துத் தூசி தட்டினாள். ஊர் சிரித்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் புகைக்குள் பச்சையம்மாக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு கையால் பால் சட்டியைத் தேடியதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்தக் கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் புகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேனே என்று அழுதேன்.

நான்காம் நாள் நூர்ஜகான் வந்தாள். "கெளம்பு. பச்சையம்மாக்கா உன்ன வரச்சொன்னாங்க."

"எதுக்குடி? திட்டறதுக்கா?"

"வாயேன்."

தலைவிக்கு மானம் இருக்கிறது அல்லவா. கட்டிய கையாலேயே அதை இடித்துப் போட்டுவிடுவது என்று முடிவு செய்து, வீட்டுக் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தேன்.

போனால், கூரைக்கு மேலே குழாயிலிருந்து மெல்லியதாகப் புகை போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே உலை கொதிக்கிறது. அடுப்பைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள். நடுவில் அக்கா, கையில் பாதி வெந்து பாதி கருகிய ஒரு வாழைத்தண்டு.

"இதாண்டி உள்ள அடச்சிக்கினு இருந்தது" என்று அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். "நீங்கல்லாம் போன பெறவு உக்காந்து பாத்தேன். பொக எங்க போவணும், ஏன் போவலன்னு. குழாயக் கழட்டிட்டு கைய வுட்டா, வழவழன்னு இது. நோண்டி எடுத்துட்டுப் பூசினேன். ஒரே இழுப்பு, அப்படியே மேல போவுது." அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "வா வசந்தா! நீ வுட்டுட்டுப் போனது இந்தா கீது."

அந்தக் கண்கள் சிவப்பாகத்தான் இருந்தன. ஆனால் நீர் வடியவில்லை. எனக்குத்தான் வடிந்தது. "மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"அட போ. நீ ஒழுங்கா கட்டியிருந்தா உள்ள இன்னா கீதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

முனுசாமி அண்ணன் என் தோளைப் பார்த்தார். "கடப்பாரை எதுக்கு? பக்கத்து வூட்டு பழைய அடுப்ப இடிக்கவா? இப்படிக் குடு." வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டில் இரண்டாவது அடுப்பு. "அந்த வசந்தாவ இப்படி எடு" என்று அக்கா தண்டைக் கேட்டாள். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு அந்த ஊரில், அடுத்த ஊரில், அதற்கடுத்த ஊரில் நான் என் காதாலேயே கேட்டவை: "வசந்தா பெருசா கீது, கொஞ்சம் நறுக்கு." "வசந்தாவுக்கு எண்ணெய் தடவு, அப்பதான் சுளுவா வரும்." "காலையில மறக்காம வசந்தாவ உருவிடு." அதிகாரி அம்மா மறுபடி வந்தபோது, "யார் இந்த வசந்தா? எல்லா வீட்டிலும் இருக்கிறாளே?" என்று கேட்டார். முப்பது கை என் பக்கம் நீண்டது.

மூன்று வருடம் அடுப்பு கட்டினோம். நாங்கள் என்றால் பச்சையம்மாக்காவும் நூர்ஜகானும் கட்டினார்கள், நான் மண் சுமந்தேன். அதுவரை தனியாக பஸ் ஏறாத அக்கா, மண் பூசுகிற கரணையும் பையுமாகச் செங்கம் வரைக்கும் போய்க் கட்டிக் கொடுத்தாள்.

பிறகு எனக்குக் கல்யாணமாகித் திண்டிவனத்துக்குக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டுக்கு அத்தனை பேரும் வந்திருந்தார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பினேன்.

"நான் இல்லாம நீங்க எப்படிக்கா..."

பச்சையம்மாக்கா எக்கி என் கன்னத்தைத் துடைத்தாள். அந்த விரல்களில் மண் வாசனை இருந்தது. "வசந்தாவ எடுத்தாத்தாண்டி அடுப்பு எரியும். போயிட்டு வா, கண்ணு" என்றாள். வெளியே நின்ற கூட்டம் முழுக்கச் சிரித்தது. நான் அழுகையோடு சிரித்தேன். பக்கத்தில் இருந்த புது மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் விழித்தார். திண்டிவனம் வரை விளக்கிச் சொன்னேன்.

சொல்லியிருக்கக் கூடாது. நாற்பது வருடம் ஆகப்போகிறது. வெளியூர் கிளம்பும்போதெல்லாம் கேஸை மூடியாச்சா, ஃபேனை நிறுத்தியாச்சா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கடைசியாகக் கேட்பது ஒன்று உண்டு:

"வசந்தாவ எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே நான் படியிறங்குவேன்.