உச்சுக்கொட்டிகள்

செடி வளர்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும். அடுத்தவர் செடியைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறவர்களைத் தெரியுமா? எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்.

உச்சுக்கொட்டியின் வீட்டில் செடி இருக்காது. ஒரு தொட்டி இருக்கும். அதில் துணி கிளிப்புகள் கிடக்கும். ஆனால் நம் வாசலைக் கடக்கும்போது அவர் கால் தானாக நிற்கும், கழுத்து கேட்டுக்கு மேல் நீளும், கண் ஒவ்வொரு இலையாக மேயும், பழுத்த இலை ஒன்று அகப்பட்டதும் பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதுபோல் முகம் சுருங்கும், பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும். உச்!

அவ்வளவுதான். செடிக்குக் கேடுகாலம்.

என் தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அத்தனை வேலைக்கு நடுவிலும் வாசலில் ஒரு மஞ்சள் ரோஜாவைத் தொட்டியில் வளர்த்தாள். கைராசிக்காரி, நான் சொல்லவில்லை, செடியே சொல்லும். ஞாயிற்றுக்கிழமை மலர்க் கண்காட்சி. செடியில் மூன்று மொட்டு. அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஐந்து நாள் வெளியூரில் பயிற்சி.

“அக்கா, காலையில ஒரு சொம்பு. அதுக்கு மேல வேணாம். வேர் அழுகினா போச்சு.”

ஊற்றினேன். ஊற்றியதும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு இலை பழுத்தது. நான்காம் நாள் காலையில் மண்ணில் விரல் வைத்தால் கூழ். ஆனாலும் சொன்ன சொல் சொல். அன்றைய சொம்பையும் ஊற்றிக் கோடு போட்டுவிட்டு ஜன்னலோரம் காவல் உட்கார்ந்தேன்.

முதலில், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நடை முடிந்து வந்து, பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கம்பி வழியே கவிழ்த்தார்.

“என்ன சார் இது?”

“ஒரு வாய் தண்ணிம்மா. வாயில்லாத ஜீவன், பாவம்.”

“நான்தான் ஊத்திட்டேனே!”

“அது கடமைக்கு ஊத்தினது. இது பாசத்துக்கு.”

அடுத்து மாடி வீட்டு அம்மா. அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரத்தோடு மேலேயிருந்து. பாசத்துக்கு யார் அணை கட்டுவது? ‘தண்ணீர் ஊற்ற வேண்டாம்’ என்று எழுதிக் கேட்டில் அட்டை மாட்டினேன். மாடி வீட்டு அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“ஐயய்யோ, இதுக்குத் தண்ணிகூடக் கொடுக்கிறதில்லையா?”

அன்று இரண்டு தடவை ஊற்றினாள்.

சனிக்கிழமை தங்கை வந்தாள். மூன்று மொட்டும் கழுத்து ஒடிந்ததுபோல் தொங்கின. தொட்டியைச் சாய்த்தாள், குழாயைத் திறந்ததுபோல் கொட்டியது. வேர் கறுத்து, நூல்நூலாகக் கையோடு வந்தது.

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. வாத்தியார் கழுத்தை நீட்டினார்.

“உச்! தண்ணி இல்லாம எப்படி வாடிப்போச்சு பாரு!” என்றபடி பாட்டில் மூடியைத் திருகினார்.

நான் போட்ட சத்தத்தில் மூடி கீழே விழுந்து உருண்டது.

தங்கை சுவரைப் பார்த்தாள். “அஞ்சு நாள், அஞ்சு கோடு. நீ சரியாத்தான் ஊத்தியிருக்கே. அப்ப மிச்சத்தை யாரு ஊத்தினது, அக்கா?”

வாத்தியாரைக் காட்டினேன். மாடியைக் காட்டினேன். அந்த மூன்றாம் நாள் சாயங்காலம், முதல் பழுத்த இலையைப் பார்த்ததும் என் நாக்கும் ‘உச்’ என்றதையும், அரைச் சொம்பு தானாகச் சாய்ந்ததையும் சொல்லவில்லை. அதற்கு நான் கோடு போடவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் பையில் பாதி பாட்டில் தண்ணீர் இருக்குமே, அதை நீங்களே குடித்துத் தீர்த்துவிட்டு எங்கள் தெருவுக்குள் வாருங்கள்.