கையைத் தூக்கிய கிராணி

எனக்குப் பொய் சொல்ல வராது என்பதில்லை. நன்றாகவே வரும். தூங்கும்போதுதான் காப்பாற்றத் தெரியாது.

எண்பதுகளில் ரப்பர் எஸ்டேட்டை விட்டு நான் கோலாலம்பூருக்குக் கிளம்பியபோது, பால்மரம் சீவிக்கொண்டிருந்த அம்மா ஒரே நிபந்தனைதான் போட்டாள். ஆபிஸ் வேலையென்றால் இரு, பேக்டரியென்றால் அன்றைக்கே வீடு திரும்பு. நான் பெட்டாலிங் ஜெயாவில் ரேடியோ சாமான் செய்யும் பேக்டரியில் சேர்ந்துவிட்டு, கிராணி வேலை என்று கடிதம் போட்டேன். (எங்கள் எஸ்டேட்டில் கிராணி என்றால் ஆபிஸில் நாற்காலி போட்டு உட்காரும் ஆள். துரைக்கு அடுத்த சாமி.) அம்மா எங்கள் குடியிருப்பு வரிசையான லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் திடுதிப்பென்று வந்து நின்றாள். நான் அப்போதுதான் நைட் ஷிப்ட் முடித்து வந்திருந்தேன். எந்தக் கிராணி விடிய விடிய வேலை பார்ப்பாள்? தூக்கம் வருகிறதென்று சொல்ல முடியாமல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் சினிமாவுக்குக் கூட்டிப்போனேன். இருட்டில் கொஞ்சம் கண்ணை மூடலாமே. (மகா புத்திசாலி!)

என் நேரம், அது வேலை தேடிப் பட்டணத்துக்கு வந்து படாதபாடு படும் பெண்களின் கதை. ஒரே அறையில் ஆறு பேர், மூன்று பாய். கதாநாயகி நாலு நாள் பட்டினி, கன்னம் மட்டும் ஆப்பம் மாதிரி உப்பியிருந்தது. "பாவம், யார் பெத்த புள்ளைங்களோ" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். நான் தூங்கிப்போனேன்.

படத்தில் பேக்டரி சங்கு ஊதியது. சடாரென்று எழுந்தேன். கைப்பையைத் திறந்து தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி நின்றேன். எங்கள் பேக்டரி வாசலில் தினமும் காவல்காரி உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவாள், சாமானைத் திருடிவிடுவோமாம்.

பின்னாலிருந்து ஒருவர், "அக்கா, மறைக்குது லா" என்றார். தியேட்டரே சிரித்தது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அதற்குப் பிறகு அவள் படத்தைப் பார்க்கவேயில்லை.

பஸ் நிறுத்தத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"ஏண்டி, கிராணியக்கூடவா தடவிப் பாப்பாங்க?"

எனக்கு அப்படியே செத்துப்போகலாம் போலிருந்தது.

"தெனமுமா?"

தலையாட்டினேன். இழுத்துக்கொண்டு போகப்போகிறாள் என்று நினைத்தேன். இழுத்துப்போனால் லயத்தில் காரணம் சொல்லவேண்டுமே. அவள் மட்டும் பஸ் ஏறினாள்.

வருஷங்கள் கழித்து நானே பிள்ளைகளிடம் உளறித் தொலைத்தேன். இன்றைக்கும் ஏர்போர்ட் சோதனை வரிசையில், "கிராணியம்மா, கையத் தூக்குங்க" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும்தான். அம்மா ஒருநாளும் சிரித்ததில்லை. சாகும்வரை லயத்தில் என்னைக் கிராணி என்றே சொன்னாள். அவள் தூக்கத்தில்கூட உளறவில்லை.