தெர்பாலிக் மாமாவும் சரசு அக்காவின் மயிலும்

மலாக்கா மாநிலத்தில் எந்தத் துணிக்கும் முன்பக்கம் என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் தெர்பாலிக் மாமாதான். தெர்பாலிக் என்றால் மலாயில் புரட்டிப்போட்டது, தலைகீழ். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கும் அத்தைக்கும் மட்டுமே தெரியும். அத்தையும் கோபம் வந்தால்தான் அதைச் சொல்லுவார்.

பூத்தையல், பாசிமணி வேலை, பாத்தேக் சாயத்துணி என்று எங்கே கண்காட்சி போட்டாலும் மாமா ஆஜர். மற்றவர்களைப்போல் கொஞ்சம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, "ஆகா" என்றெல்லாம் சொல்லமாட்டார். நேராகப் போவார், விளிம்பைப் பிடிப்பார், துணியைப் புரட்டுவார். பின்பக்கத்தைப் பார்த்து "ம்" என்பார். அந்த ஒரு "ம்"முக்கு மலாக்காவில் ஊசி பிடித்த பெண்கள் அத்தனை பேரும் நடுங்கினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாமாவுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. சட்டைப் பொத்தான் அறுந்தால் ஸ்டேப்ளர் அடித்துக்கொள்வார். மஸ்ஜித் தானா பக்கம் ஓடிய பஸ்களில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் டிக்கெட்டை முன்னும் பின்னும் புரட்டிய கை, ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்க மறுத்துவிட்டது. என்ன செய்வது, கண்காட்சிகள் மாட்டிக்கொண்டன.

ஒருமுறை நகரத்தில் பழைய கெபாயா சட்டைகளின் கண்காட்சி. கயிறு கட்டி, விளக்குப் போட்டு, காவலுக்கு ஆளும் வைத்திருந்தார்கள். மாமா குனிந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். "பாக்சிக், ஜாங்கான் பெகாங்!" என்று காவலாளி அலறினான், பெரியவரே, தொடாதீர்கள் என்று. மாமா அசரவில்லை. "நான் எங்கப்பா தொட்டேன்? அதுவா வந்து என் கையில விழுந்துச்சு" என்று தமிழிலேயே பதில் சொன்னார். காவலாளிக்குத் தமிழ் தெரியாதது இரண்டு பேருக்குமே நல்லதாகப் போயிற்று.

இன்னொரு இடத்தில் மலாக்காச் சீனப் பெண்கள் போடும், பாசிமணி கோத்த நோன்யா செருப்பு வைத்திருந்தார்கள். செய்த அம்மாள் பக்கத்திலேயே பெருமையோடு நின்றார். மாமா செருப்பைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "அடியில மணியே இல்லயே. பாவம், பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு போல" என்று அனுதாபப்பட்டார். கல்யாண வீடுகளில் மேசை விரிப்பு, மணவறைத் திரை எதுவும் அவரிடம் தப்பியதில்லை. ஆரி வேலை போட்ட ரவிக்கைகள் மட்டும் தப்பித்தன. அதற்கு முழுக் காரணம் அத்தையின் பார்வை.

இப்படிப்பட்டவரை எங்கள் கண்காட்சிக்குள் விடாமல் தடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. புக்கிட் காத்திலில் எங்கள் மாதர் குழுவுக்கு நான் செயலாளர். தலைவி சரசு அக்கா. சனிக்கிழமைதோறும் எங்களுக்குப் பூத்தையல் சொல்லிக்கொடுப்பவர் அவர்தான். "மெஷின்ல தைச்சதக் கொண்டாந்தீங்க, வெளிய தூக்கிப் போட்டுடுவேன்" என்பதுதான் அவருடைய வகுப்புக்குக் கடவுள் வாழ்த்து.

கண்காட்சிக்கு முன்னால் அக்கா என்னை ஓரமாக இழுத்துப்போனார். வலது மணிக்கட்டில் பட்டை சுற்றியிருந்தார்.

"மாலா, அந்த தெர்பாலிக் மனுஷன் மட்டும் உள்ள வரவே கூடாது."

"ஏங்க்கா?"

"கண்காட்சிக்கு வைக்கிற என் மயில் படம் நான் தைச்சது இல்ல லா. கை வலி தாங்கல. ஆன்லைன்ல வாங்கிட்டேன். வந்து பாத்தா மயிலுக்குக் காலே இல்ல. அந்தக் காலு ரெண்டு மட்டும்தான் நான் தைச்சேன். அவரு புரட்டிட்டாருன்னா என் மானம் போச்சு. வகுப்புல இருக்கிற பொண்ணுங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

வகுப்பில் புலியாக இருப்பவர் அப்படிக் கலங்கி நின்றதைப் பார்க்க எனக்குப் பாவமாகிவிட்டது. சட்டம் போட்ட மயிலைப் பலகையோடு பலகையாக மேல் மூலைகளில் ஆணி அடித்தேன். கீழேயும் அடித்திருக்கவேண்டும். ஆணி தீர்ந்துவிட்டது.

திறப்பு விழாவுக்கு ஒரு டத்தோ, அதாவது அரசாங்கப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர், வருவதாக ஏற்பாடு. டத்தோ என்றால் தாமதமாக வருவார், அது நிகழ்ச்சி நிரலிலேயே சேர்ந்ததுதான். உறுமி மேளக்காரர்கள் வெயிலில் காத்திருந்தார்கள். நான் வாசலைவிட்டு அசையாமல் நின்றேன். அந்த நேரம் பார்த்து, நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுக்குச் சம்பல் போதவில்லை என்று சமையல்கட்டிலிருந்து கூக்குரல். "டத்தோ வந்தா மாலை போடு" என்று தேவியிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

தேவி குழுவுக்குப் புதிது. டத்தோவையும் பார்த்ததில்லை, மாமாவையும் பார்த்ததில்லை. நீளக்கை பாத்தேக் சட்டை, நரைத்த தலை, கறுப்புக் கார் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தோம். மாமா அன்றைக்கு ஏதோ கல்யாண விருந்திலிருந்து நேராக வந்திருக்கிறார். நீளக்கை பாத்தேக். நரைக்குப் பஞ்சமே இல்லை. மகனுடைய கார் கறுப்பு. முன்சீட்டில் அத்தை இருந்ததால் மாமா பின்சீட்டிலிருந்து இறங்கினார். பின்சீட்டிலிருந்து பாத்தேக் சட்டையோடு இறங்குகிறவர் யாராக இருந்தாலும் மாலை போட்டுவிடுவது நம் நாட்டு வழக்கம்.

உறுமிச் சத்தம் கேட்டுச் சம்பல் கரண்டியோடு ஓடி வந்தேன். அலாமாக்! மாலையும் கழுத்துமாக மாமா! போர்த்திய பொன்னாடையைக் கழற்றி, புரட்டிப் பார்த்து, "ம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரிப்பனை வெட்டுவதற்கு முன்னால் அதையும் புரட்டினார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"கடைசியில என் அருமை ஒங்களுக்காச்சும் தெரிஞ்சுதே மாலா!"

இனி என்ன செய்ய? மாலை போட்டவரை மாலையோடு வெளியே தள்ளவா முடியும்? கண்காட்சியைச் சுற்றிக்காட்ட ஒலிவாங்கியை வேறு அவர் கையில் கொடுத்துவிட்டாள் தேவி. வரிசையாகப் புரட்டிக்கொண்டே வந்தார். "முடிச்சு நெறய இருக்கு." "இந்தப் பூவுக்குப் பின்னால ஒரு காடே இருக்கு." ஒவ்வொன்றும் ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. பெண்கள் சிரித்துக்கொண்டே செத்தார்கள். வரிசையின் கடைசியில் மயில். அதன் பக்கத்தில் சரசு அக்கா, மணிக்கட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு.

மாமா சட்டத்தைக் கீழேயிருந்து தூக்கி, தலையை உள்ளே விட்டார். நான் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க ஒரே வெள்ளை நூல், மெஷின் ஓட்டியது, ஒரு முடிச்சில்லை. கீழே மட்டும் இரண்டு இடத்தில் பழுப்பு நூல் கோணல்மாணலாகப் பின்னி, முடிச்சுமேல் முடிச்சாக இருந்தது. மாமா தலையை வெளியே எடுத்தார். அக்காவின் முகத்தையும், முந்தானைக்கு வெளியே எட்டிப் பார்த்த மணிக்கட்டுப் பட்டையையும் பார்த்தார். வகுப்புப் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"அண்ணே..." என்றார் அக்கா.

மாமா சட்டத்தை மெதுவாகப் பழையபடி விட்டார். ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார்.

"இந்த மயிலோட காலு ரெண்டும் பிரமாதம். இவ்வளவு நல்ல மயில் காலு நான் எந்தக் கண்காட்சியிலயும் பாத்தது இல்ல. வலியோட தைச்சிருக்காங்க. எல்லாரும் கை தட்டுங்க."

கூட்டம் கை தட்டியது. தோகையை விட்டுவிட்டு, எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு மயிலின் காலைப் பார்த்தார்கள். புரிந்த மாதிரி தலையாட்டவும் செய்தார்கள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

உண்மையான டத்தோ அதற்குப் பிறகு வந்தார், பூப்பந்து ஆடிவிட்டு டீசட்டையோடு. தேவி அவரை மரியாதையாகவே நடத்தினாள். "அங்கிள், சாப்பாட்டு கூப்பன் அந்தப் பக்கம் லா" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு அக்கா மயிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் முன்னால் தானே புரட்டிக் காட்டி, "காலு மட்டும்தான் என்னோடது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி எழுந்துபோய் அவர் கைக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். மாமாவிடம் இதைச் சொன்னபோது, "எந்த மயிலு?" என்று கேட்டுவிட்டுக் கிளேபாங்கில் இளநீர் ஷேக் குடிக்கப் போய்விட்டார்.

இந்த வருடக் கண்காட்சிக்கு மண்டபம், மேளம், சாப்பாடு எல்லாம் பேசி முடித்தாயிற்று. அப்போது அத்தை போன் செய்தார். மாமாவுக்குக் கண்புரை அறுவை, வெளியே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். செய்தியைச் சொன்னதும் சரசு அக்கா கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"தேதியத் தள்ளி வச்சிடு மாலா."

"அக்கா, தள்ளி வச்சா டத்தோ வரமாட்டாரு."

"வராட்டிப் போறாரு. அவரு என்னாத்தப் பாக்கப் போறாரு?"

தள்ளி வைத்துவிட்டோம். மாமாவின் கண் ஆறுவதற்காக மலாக்காவில் ஒரு கூட்டம் பெண்கள் ஊசியும் நூலுமாகக் காத்திருக்கிறோம்.