முதல் ரத்தம் யாருடையது?

ரத்தப் பேச்சாளர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் சமோவாவில் குடும்பத்துக்கு ஒருவராவது இருப்பார்; உங்கள் ஊரிலும் தட்டுப்பாடு இருக்காது. ரத்தம் எடுக்கும் வண்டி ஊருக்கு வந்தால் முதல் ஆளாக வரவேற்பார், மாலையை வாங்கிக்கொள்வார், தானத்தின் பெருமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார், போட்டோவுக்காக ஊசியின் பக்கத்தில் கையை நீட்டுவார், போட்டோ எடுத்ததும் கையை மடக்கிக்கொள்வார். ஏன் என்று நாம் கேட்கக் கூடாது. அவரே சொல்வார்: காலையில் பிரஷர் மாத்திரை, நேற்று பன்றிக்கறி, நாளை கல்யாணம்.

எங்கள் வீட்டுப் பேச்சாளர் பெசமினோ மாமா. குடும்பத் தலைவர் பட்டம் அவருக்குத்தான். அவருடைய கொள்கை ஒன்றே ஒன்று: நம் ரத்தம் நம் ஆட்களுக்கு.

போன மாதம் என் அக்கா ரூத்தாவுக்குப் பிரசவம். குழந்தை நலம், அக்காவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. "ரெண்டு பைதான் இருக்கு, பத்தாமப் போகலாம், சீக்கிரம் வாங்க" என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பதினான்கு பேர் பிக்கப்பில் ஏறிப் போனோம்.

அங்கே ஒரு நாற்காலி, ஓர் ஊசி, நர்ஸ் மாலியா. யாரும் உட்காரவில்லை. தலைவர் கை வைக்காத சாப்பாட்டில் நாங்கள் கை வைப்பதில்லை. அவர் உட்காராத நாற்காலியில் எப்படி உட்காருவோம்? மாமாவோ தடியை ஊன்றி, ஈ விரட்டும் நார்க்கற்றையைத் தோளில் போட்டு, முறைப்படி மாலியாவின் முன்னோர்களை வாழ்த்தி, ஆஸ்பத்திரிக் கூரையை வாழ்த்தி, எங்கள் ஐந்தாம் தலைமுறைப் பாட்டனிடம் வந்துகொண்டிருந்தார்.

"ஐயா, பாட்டன் இருக்கட்டும். பேத்திக்கு ரத்தம் வேணும். யாராவது உக்காருங்க."

"பொறும்மா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? முதல் ரத்தம் என்னோடது."

"அப்ப நீங்க உக்காருங்க."

"பேச்சு முடியலயே."

அண்ணன் லாவிலி என் காதில் முணுமுணுத்தான்: "இவரு பேச்சைப் பையில பிடிச்சா ஆறு பேர் பொழைப்பாங்கடி."

மாலியா காத்திருக்கவில்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்து இரண்டு பைகளையும் எடுத்தாள். அப்போதுதான் பேச்சு நின்றது.

"அது யாரு ரத்தம்?"

"தெரியாது."

"எந்த ஊரு?"

"பையில ஊரு எழுத மாட்டோம்."

"பக்கத்து ஊர்க்காரனோடதா இருந்தா? அவனுங்க கோழி திருடுற பயலுங்கம்மா!"

"உங்க பொண்ணு பொழைச்சு எந்திரிச்சு கோழி திருடட்டும் ஐயா" என்றபடி மாலியா உள்ளே ஓடினாள்.

அந்த இரண்டு பைகளே போதுமானவையாக இருந்தன. மறுநாள் அக்கா கண் விழித்ததும் மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்காகப் பதினாலு பேர் வந்தோம்மா."

"தெரியும் மாமா. உங்க குரல் உள்ள வரைக்கும் கேட்டுச்சு. வந்த ரத்தம்தான் ஒரு வார்த்தைகூடப் பேசல."

மாமாவைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆனால் மாலியா ஓடியபோது குளிர்ப்பெட்டி காலி, நாற்காலியும் காலி. அக்காவுக்கு மூன்றாவது பை தேவைப்பட்டிருந்தால் எங்கிருந்து வந்திருக்கும்? ஆரோக்கியமான நாங்கள் பதின்மூன்று பேர் அந்த நாற்காலியைச் சுற்றி மிகுந்த மரியாதையோடு நின்றுகொண்டிருந்தோம். மாமாவுக்குச் சாக்கு, முடியாத பேச்சு. எங்களுக்குச் சாக்கு, மாமா.

உங்களுக்கு யார்?